பிஸ்கோத்தும் பிஸ்கட்டும்

பழவேற்காட்டுப் படகுத்துறையில் மீன் ஏலம் சூடு பிடிக்கிற நேரத்தில் நின்று கேட்டால் வசவுகளுக்குப் பஞ்சம் இராது. முக்கால்வாசியை அச்சில் ஏற்ற முடியாது. ஏற்றக்கூடிய சிலவற்றில் ஒன்று 'பிஸ்கோத்து'. கூடை நிறைய மடவை கிடக்க, அடிமாட்டு விலைக்குக் கேட்டுவிட்டு நகர்கிற வியாபாரியின் முதுகைப் பார்த்து, "கேக்குறான் பாரு வெலை, பிஸ்கோத்துப் பய!" என்று ஒரு குரல் கிளம்பும். கொஞ்ச நேரத்தில் அதே குரல் டீக்கடை வாசலில், "அண்ணே, ஒரு டீ, ரெண்டு பிஸ்கட் குடுங்க" என்று கேட்கும். டீக்கடையில் யாரும் பிஸ்கோத்து கேட்பதில்லை. திட்டும்போது யாரும் பிஸ்கட் என்பதில்லை. இரண்டும் ஒரே பண்டத்தின் பெயர்தான். திட்டுவதற்கு ஒன்று, தின்பதற்கு ஒன்று என்று இந்தப் பாகப்பிரிவினை எப்படி நடந்தது?

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'பிஸ்' என்றால் இருமுறை. 'கோக்துஸ்' என்றால் வெந்தது. இருமுறை வெந்த ரொட்டி, அவ்வளவுதான். இத்தாலியர் அதை பிஸ்கோத்தோ ஆக்கினார்கள், போர்த்துகீசியர் பிஷ்கொய்த்து என்றார்கள். ஜெர்மானியர் மட்டும் லத்தீன் ஒலியை விட்டுவிட்டு, பொருளைத் தங்கள் பேச்சில் சொல்லி 'ட்ஸ்வீபாக்' என்று வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர் கதை கொஞ்சம் வேடிக்கை. பல காலம் அவர்கள் பேசுகிறபடியே 'பிஸ்கெட்' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டல் மீது ஆசை வந்து அதை எடுத்துக்கொண்டார்கள். நாக்கு மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. அதனால்தான் இன்றும் ஆங்கிலம் படிக்கிற பிள்ளை அந்தச் சொல்லின் எழுத்தைப் பார்த்து ஒருமுறையாவது தடுமாறுகிறது. நாம் காதால் கேட்டு எழுதினோம், பிழைத்தோம்.

இருமுறை சுடுகிற வழக்கம் ருசிக்காக வந்ததில்லை. அதைக் கொண்டுவந்தது கடல். மாவு, தண்ணீர், கொஞ்சம் உப்பு. வெண்ணெய் கிடையாது, சர்க்கரை கிடையாது. முதல் சூட்டில் ரொட்டி வேகும். இரண்டாவது, மெல்லிய சூட்டில் உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் வெளியேறும். ஈரமில்லாத இடத்தில் பூஞ்சணம் ஏறாது. பெட்டியிலோ பீப்பாயிலோ போட்டு அடைத்துவிட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். பழவேற்காட்டுக் குப்பங்களில் போய் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கோட்டைக்குப்பத்திலும் ஆண்டிக்குப்பத்திலும் நடுவூர் மாதாகுப்பத்திலும் பெண்கள் மீனைக் கீறி, குடலெடுத்து, உப்பில் போட்டு, பிறகு வெயிலில் விரிப்பது இதே கணக்குத்தான்: உப்பில் ஒருமுறை, வெயிலில் ஒருமுறை, ஈரம் போகிறவரை. கடல் தரைக்குக் கொடுத்தது கருவாடு. தரை கடலுக்குக் கொடுத்தது பிஸ்கட். கோதுமையின் கருவாடு என்று அதைச் சொல்லலாம்.

இன்று பொட்டலத்தில் வருவதை மனதில் வைத்துக்கொண்டு கப்பல் பிஸ்கட்டை நினைக்கக் கூடாது. அது ஓடு மாதிரி கெட்டியானது. கஞ்சியிலோ சூப்பிலோ ஊறவைத்தால் ஒழியப் பல் இறங்காது. நாள்பட்டால் உள்ளே வண்டு வைக்கும். மாலுமிகள் அதை மேசையில் இரண்டு தட்டுத் தட்டி, வண்டு உதிர்ந்த பிறகு வாயில் வைப்பார்கள். இருட்டியபின் சாப்பிட்டால் தட்டவும் வேண்டாம் என்று சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். மெகல்லனோடு போன அந்தோனியோ பிகாஃபெத்தா, பசிபிக் கடலைக் கடந்த மாதங்களைப் பற்றி எழுதும்போது, பிஸ்கட் புழு அரித்துப் பொடியாகி எலி மூத்திர நாற்றம் அடித்ததாகவும், அந்தப் பொடியையே தின்று உயிர் வைத்திருந்ததாகவும் சொல்கிறார். இங்கிலாந்துக் கடற்படைக்கு சாமுவேல் பெப்பீஸ் 1677இல் வகுத்த உணவுக் கணக்கில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு பிஸ்கட், ஏறக்குறைய அரைக் கிலோ. ஹாலந்தில் வோர்மர், யிஸ்ப் என்ற இரண்டு ஊர்கள் 17ஆம் நூற்றாண்டில் கப்பலுக்கு பிஸ்கட் சுடுவதையே பிழைப்பாகக் கொண்டிருந்தன. அங்கே அடுப்பு மூட்டுவதற்குக்கூட மணியடித்து நேரம் வைத்திருந்தார்கள்.

ஹாலந்தை இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. பழவேற்காடு டச்சுக்காரர்களின் ஊர். 1610இல் பண்டகசாலை வைத்தார்கள். சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் 1612இல் அதை இடித்தார்கள். 1613இல் டச்சுக்காரர் கெல்ட்ரியா என்று பெயர் வைத்துக் கோட்டையே கட்டிவிட்டார்கள். 1690இல் தலைமை இடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் முதல் ஊர் இதுதான். நடுநடுவே ஆங்கிலேயர் பிடித்துக்கொண்ட காலம் போக, 1825 வரைக்கும் அவர்கள் கை. ஊருக்குள் கோட்டை இன்று புதர் மண்டிய மேடும் அகழியுமாகக் கிடக்கிறது. கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் காவலில் நன்றாக இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். இங்கிருந்து கப்பலேறிய சாயத்துணி மலாய்க்காரர் இடுப்பில் ஏறி, ஊர்ப்பெயரே துணிப்பெயராகி, இன்றும் மலாய் மொழியில் கைலிக்கு 'காயின் பெலெக்காட்' என்றே பெயர். அந்தத் துணி மூட்டைகளோடு போய்வந்த ஒவ்வொரு கப்பலின் அடித்தட்டிலும் பிஸ்கட் இருந்தது.

டச்சுக்காரர் அதை 'பெஸ்ஹௌட்' என்பார்கள். இருநூறு வருடத்துக்கு மேல் குடியிருந்தவர்களுடைய சொல் ஊரில் தங்கியிருக்க வேண்டுமல்லவா? தங்கவில்லை. நாம் எடுத்துக்கொண்டது அவர்களுக்கு முந்திய போர்த்துகீசியரின் சொல்லை.

இதற்குச் சாட்சி சொல்லிலேயே இருக்கிறது. போர்த்துகீசிய நாக்கில் 'த' பல்லைத் தொடும். ஆங்கில 'ட' பல்லுக்குக் கொஞ்சம் பின்னால் தட்டும். தமிழ்க் காது இந்த வித்தியாசத்தை விடாது. போர்த்துகீசிய 'பாத்து' நமக்கு வாத்து ஆனது. 'மெஸ்த்ரெ' மேஸ்திரி ஆனது. எல்லாம் தகரம். ஆங்கிலத்திலிருந்து வந்த டிக்கெட், டின், கோர்ட்டு எல்லாம் டகரம். பிஸ்கோத்து தகரக் குடும்பம், பிஸ்கட் டகரக் குடும்பம். பிறப்புச் சான்றிதழ் வேறு வேண்டாம். ஈழத்தில் இதையே விசுக்கோத்து என்கிறார்கள், சிங்களத்திலும் விஸ்கோத்து. பாத்து வாத்தானது போலவே இங்கும் முதலெழுத்து வகரமாகிவிட்டது. (டச்சு 'தௌட்' என்ற செப்புக்காசு நமக்குத் துட்டு ஆனபோது முதலில் தகரமும் பின்னால் டகரமும் வந்து என் விதியைக் கொஞ்சம் குலைக்கிறது. பழவேற்காட்டில் டச்சுக்காரருக்குச் சொந்த நாணயச்சாலையே இருந்தது. துட்டு விஷயத்தில் அவர்கள் செல்வாக்குத் தனி.)

டச்சுக்காரர் கோட்டையில் உட்கார்ந்திருக்க, போர்த்துகீசியச் சொல் எப்படி ஊரில் புழங்கியது? கடற்கரை முழுவதும் வியாபாரத்துக்கும் வேலையாட்களோடு பேசவும் அன்றைக்குப் பொதுமொழி போர்த்துகீசியம்தான். எதிரியின் மொழியென்று பார்த்தால் கருவாடுகூட வாங்க முடியாது. பழவேற்காட்டில் 1632இலிருந்து பத்து வருடம் பாதிரியாக இருந்த ஆபிரகாம் ரொகேரியுஸ், இந்து சமயத்தைப் பற்றி ஐரோப்பாவில் பெரிதும் படிக்கப்பட்ட ஒரு நூலை எழுதினார். அது அவர் இறந்தபின் 1651இல் லைடனில் அச்சானது. அவருக்கு விவரம் சொன்னவர் பத்மநாபன் என்ற பிராமணர். டச்சுப் பாதிரியும் தென்னாட்டுப் பிராமணரும் வேதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டது போர்த்துகீசியத்தில். வேதமே அந்த வழியாகப் போகிறபோது பிஸ்கோத்து வந்து சேர்ந்ததில் அதிசயமில்லை. துறையில் இன்று நடக்கிற ஏலத்தின் பெயரும் போர்த்துகீசிய 'லைலாவ்'ன் எச்சம்தான்.

சரி, தின்கிற பண்டத்தின் பெயர் எப்படி வசவானது? எனக்குத் தோன்றுவது இது. ஓடுபோல இருந்த கப்பல் பிஸ்கட்டை யாரும் அற்பத்துக்கு உவமை சொல்லியிருக்க முடியாது. அந்தக் காலத்தில் ஒருவனை பிஸ்கோத்து என்றிருந்தால், அசைக்க முடியாதவன் என்று அவன் பெருமைப்பட்டிருப்பான். பண்டம் இளகிய பிறகே சொல் இளகியிருக்க வேண்டும். அந்த இளக்கம் 19ஆம் நூற்றாண்டில் நடந்தது. இங்கிலாந்தின் ரெடிங் நகரில் 1822இல் சிறு கடையாகத் தொடங்கிய ஹன்ட்லி குடும்பத்தின் தொழில், பிறகு ஹன்ட்லி அண்டு பாமர்ஸ் என்று பெரிதாகி, இயந்திரத்தில் சுட்ட மெல்லிய பிஸ்கட்டைத் தகர டின்களில் அடைத்து உலகமெங்கும் அனுப்பியது. வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்தன. இரண்டாவது சூடு போயிற்று. ஒரே சூட்டில் வெந்து, சிட்டிகையில் ஒடிகிற பண்டம் வந்தது. கல்கத்தாவில் 1892இல் பிரிட்டானியாவின் முன்னோடிக் கடை, பம்பாயில் 1939இல் பார்லேயின் குளுக்கோஸ் பிஸ்கட் என்று அது நம் பக்கமும் பரவியது. டீயில் நனைத்தால் வாய்க்கு வருவதற்குள் பாதி அறுந்து கிளாஸுக்குள் விழுந்துவிடுகிற இந்தப் பிஸ்கட்டிலிருந்துதான், ஒரு தட்டுக்குத் தாங்காதவனை அழைக்கும் பிஸ்கோத்து பிறக்க முடியும். பக்கத்திலேயே 'பிசாத்து' என்ற சொல்லும் இருந்தது. பிசாத்துக் காசு, பிசாத்து வேலை. ஒலி ஒன்றுக்கொன்று உரசினால் பொருளும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் இது பாதிக் கதைதான். அப்படியானால் 'பிஸ்கட்' ஏன் வசவாகவில்லை?

ஒரே பொருளுக்கு இரண்டு சொல் இருந்தால் மொழி இரண்டையும் சமமாக வைத்துக்கொள்ளாது. ஒன்றை வீட்டுக்குள் வைக்கும், ஒன்றைத் திண்ணைக்கு அனுப்பும். ஆங்கிலம் வந்தபின் நம் கரையிலிருந்த பழைய ஐரோப்பியச் சொற்களுக்கு நடந்தது இதுதான். டச்சுக் காலத்துக் கக்கூஸ், டாய்லெட் வந்ததும் வாய்விட்டுச் சொல்லக் கூசும் சொல்லாயிற்று. முதலில் இரண்டும் ஒரே அறைதான். குசினி இருந்த வீட்டில் கிச்சன் வந்தது. குசினி கிழவிகளின் பேச்சாகியது. துட்டு என்பதில் இன்று கொஞ்சம் ரவுடித்தனம் இருக்கிறது; வங்கி மேலாளர் துட்டு என்று சொல்லமாட்டார். பிஸ்கட் கண்ணாடித்தாள் பொட்டலத்தில் அச்சாகிக் கடையேறியபோது, பிஸ்கோத்துக்குத் தின்பண்டமாக வேலை போயிற்று. வேலை போன சொல் சும்மா இருக்காது. கேலிக்கு வந்தது. போட்டி இல்லாத சாவி, ஜன்னல், அலமாரி மூன்றும் போர்த்துகீசியக் குடியேறிகள்தான், கௌரவத்தோடு இருக்கின்றன.

எல்லாம் இறங்கியதென்றும் சொல்ல முடியாது. 'டேபிள்' வந்தபின் மேசை கீழே போகவில்லை, மேலே போய்விட்டது. பாடப்புத்தகம் அதைத் தத்தெடுத்துக்கொண்டதுதான் காரணம். வட்டமேசை மாநாடு என்று எழுதலாம். வட்ட டேபிள் மாநாடு என்றால் சிரிப்பு வரும். கப்பிடம் தோற்ற கோப்பைக்கு விளையாட்டுப் பக்கம் கைகொடுத்து, உலகக் கோப்பை ஆக்கிவிட்டது. பிஸ்கோத்துக்கு அப்படி எந்த ஆதரவும் கிடைக்கவில்லை. கிடைத்தது சினிமா. சந்தானம் நடித்து 2020இல் வந்த படத்துக்கு 'பிஸ்கோத்' என்றே பெயர் வைத்தார்கள். கதையில் பிஸ்கட் கம்பெனியும் உண்டு, அதனால் தின்பதும் திட்டுவதும் ஒரே பெயரில் அடங்கிவிட்டது.

பிஸ்கட்டும் முழுக்கச் சாது இல்லை. 'பிஸ்கட் போடுகிறான்' என்றால் ஆசைகாட்டி வளைக்கிறான் என்று பொருள். தெருநாய்க்கு வீசுகிற துண்டு அதில் தெரிகிறது. துணிக்கடையில் 'பிஸ்கட் கலர்' என்று கேட்டால் கடைக்காரர் சரியான புடவையைத்தான் உருவுவார், இத்தனைக்கும் எந்த பிஸ்கட் என்று யாரும் கேட்பதில்லை. இவற்றையெல்லாம்விட மினுக்கானது தங்க பிஸ்கட். பத்துத் தோலாக் கட்டி, 116.64 கிராம், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, கட்டித் தங்கத்தைச் சாதாரண ஆள் வைத்திருக்கக் கூடாது என்றானதும், கடல்வழிக் கடத்தலின் உயிர்ச்சரக்கு இந்த பிஸ்கட்தான். அந்தக் காலத் தமிழ்ப்படங்களில் வில்லன் பெட்டியைத் திறந்தால் வரிசையாக மின்னியது இது. 1990இல் சட்டம் போயிற்று. பெயர் போகவில்லை, விமான நிலையச் செய்திகளில் வாரந்தோறும் பிடிபடுகிறது. கடலோடிகளின் பட்டினிக்கு என்று பிறந்த சொல் தங்கத்தின் பெயராகவும் அற்பத்தின் பெயராகவும் ஒரே காலத்தில் இருப்பது தமிழில் மட்டும்தான் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் ஒருவர் 'பிஸ்கட்டைத் தட்டிக்கொண்டு போனார்' என்றால் இதற்குமேல் அநியாயம் இல்லை என்ற அளவுக்குப் போய்விட்டார் என்று அர்த்தம். சீனக்களிமண் பாத்திரம் செய்கிறவர்கள், மெருகு பூசாமல் முதல்முறை சுட்டெடுத்த பாத்திரத்துக்கும் பிஸ்கட் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரே ஒருமுறை சுட்டதற்கு இருமுறை வெந்தது என்று பெயர்! சொல் அங்கே கணக்கையே மறந்துவிட்டது.

கணக்கை மறக்காத பண்டம் டீக்கடைக் கண்ணாடிச் சாடியில் ஒன்று இருக்கிறது: பொறை. விடியற்காலையில் வலையோடு கரை திரும்பினவர்கள் பழவேற்காட்டுத் துறையோரக் கடைகளில் உட்காரும்போது அதைப் பார்க்கலாம். கை அகலத்துக்கு உருண்டையாக, தட்டினால் 'டொக்'கென்று சத்தம் கொடுக்கும். அப்படியே கடிக்க முயல்கிறவர் வெளியூர்க்காரர். உப்பு காய்ந்து வெளுத்த விரல்கள் அதை இரண்டாகப் பிளந்து, டீயில் முக்கி, மனதுக்குள் நாலு எண்ணுகிற நேரம் பிடித்துவைத்து எடுக்கும். வெளியே பதமாகவும் நடுவில் கெட்டியாகவும் இருக்கும்போது வாய்க்குள் போகும். மிச்சத்தை நாய்க்குப் போடுவார்கள். இனிப்பு நாமமாத்திரம், விலை குறைவு, ஒரு மாதம் கிடந்தாலும் கெடாது. கப்பல் பிஸ்கட்டின் குணம் அத்தனையும் பொறையிடம் இருக்கிறது, பெயர் மட்டும் அதன் கையில் இல்லை. பக்கத்துச் சாடியில் ரஸ்க். சுருள் ரொட்டியைக் குறிக்கும் 'ரோஸ்கா' என்ற ஐபீரியச் சொல்லிலிருந்து ஆங்கிலம் வழியாக வந்தது. உண்மையாகவே இருமுறை சுட்டது. வடிவேலுவின் புண்ணியத்தில் தமிழில் ரிஸ்க்குக்கு எதுகையாக நிரந்தர இடம் பிடித்துவிட்டது. டச்சுக்காரர் கைப்பண்டமே ஏதும் மிஞ்சவில்லையா என்றால், இலங்கையில் மிஞ்சியது. அவர்களுடைய 'கூக்யெ', அதாவது சின்ன கேக், அமெரிக்காவில் குக்கியாகவும் இலங்கையில் கொக்கிஸாகவும் ஆனது. கொக்கிஸ் வேறொன்றுமில்லை, நம் அச்சுமுறுக்குக்குச் சொந்தக்காரப் பலகாரம். சூட்டடுப்பைக் காணாமல் எண்ணெயில் பொரிவது.

சூட்டடுப்பே நமக்கு அந்நியம் என்பதும் இந்தக் கதையில் சேர்த்தி. தோசை சுடுகிறோம், அப்பம் சுடுகிறோம், செங்கல் சுடுகிறோம். துப்பாக்கியால் சுடுகிறோம், பக்கத்துவீட்டு மாங்காயைச் சுடுகிறோம், ஒன்றும் செய்யாமல் வாயாலேயே வடை சுடுகிறோம். அத்தனைக்கும் ஒரே வினை. பேக்கரி என்ற இடத்துக்குப் பெயர் வைக்க நேர்ந்தபோது ஈழத்தில் 'வெதுப்பகம்' என்றார்கள், இங்கே 'அடுமனை' என்றார்கள். யாழ்ப்பாணத்தில் பாண் வேகிற அடுப்பு போறணை. அது போர்த்துகீசிய 'ஃபோர்னு'. வெதுப்பகம் எனக்குப் பிடித்த சொல், மெல்லிய சூடு அதிலேயே இருக்கிறது.

பிஸ்கட்டுக்கும் தனித்தமிழ் அன்பர்கள் ஒரு சொல் செய்தார்கள்: ஈரட்டி. இருமுறை அட்டது. லத்தீன்காரர் சொன்னதையே அச்சுப்பிசகாமல் சொல்கிற நல்ல ஆக்கம். ஜெர்மானியர் ட்ஸ்வீபாக் செய்தது இதே முறையில்தான். வருத்தம் என்னவென்றால், அது வந்து சேர்ந்தபோது பிஸ்கட் இருமுறை வேகிற பழக்கத்தை விட்டு நூறு வருடம் ஆகியிருந்தது. பட்டையில் நகர்ந்து நீண்ட அடுப்புக்குள் போய் ஒரே சூட்டில் வெளியே வருகிற இன்றைய பிஸ்கட்டை ஈரட்டி என்றால் பண்டம் ஒத்துக்கொள்ளாது. மாவில்லை, மாச்சில் என்ற வேறு பெயர்களில் இந்தச் சங்கடம் இல்லை. ஆனால் அவற்றில் கடலும் இல்லை. ஈரட்டியை நான் தூக்கிப்போடச் சொல்லமாட்டேன். பொறைக்கும் ரஸ்குக்கும் அது அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். பிஸ்கட் பொட்டலத்தின் மேலே அதை அச்சடிக்க விரும்புகிறவர்கள் முதலில் உள்ளே இருப்பதை இன்னொருமுறை சுட வேண்டியிருக்கும்.